இரண்டாவது கோட்டுக்குக் கீழே

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் கொழும்பிலிருந்து கப்பலேறிக் காங்கேசன்துறையில் வந்து இறங்கியவர்கள் ஆளுக்கொன்றைக் காப்பாற்றிக் கொண்டுவந்தார்கள். ஒருவர் தையல் மெஷினின் தலையை மட்டும் மடியில் வைத்திருந்தார். ஒரு அம்மா பூட்டைக் கொண்டுவந்தார், வீடு எரிந்துவிட்டது. நான் கொண்டுவந்தது ஒரு கொப்பி. கொழும்பில் ஒரு விளம்பரக் கம்பனியில் எட்டு மாதம் வேலை செய்தபோது, ஒரு பக்கத்தை எப்படிக் கண்ணுக்கு ஏற்றபடி அமைப்பது என்று அங்கிருந்தவர்கள் சொல்லச் சொல்ல எழுதிவைத்த சொற்கள் அதில் இருந்தன. சமநிலை, மாறுபாடு, அண்மை, படிநிலை, வெற்றிடம். மாற்றுச் சேலை ஒன்று இல்லாமல், ஆனால் சமநிலையோடு ஊர் வந்து சேர்ந்தேன். அம்மா கொப்பியைத் திறந்து பார்த்துவிட்டு, "உதையே கட்டிக்கொண்டு நாளைக்குக் கோயிலுக்குப் போகப்போறாய்?" என்று கேட்டார்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் பின்னால் இருந்த ஒரு அச்சுக்கூடத்தில் வேலை கிடைத்தது. வருகிறவர்களுக்கு முதலாளி என்னை "டிசைன் படிச்ச பிள்ளை" என்று அறிமுகப்படுத்துவார். சொன்னதைச் சொன்னபடி செய்யாத பிள்ளை என்பதற்கு அது மரியாதையான சொல். கல்யாணக் காட் அடித்தோம், திருவிழா நோட்டீஸ் அடித்தோம், பல்கலைக்கழக வளாகத்துப் பெடியளின் ரியூட்டரி வகுப்பு நோட்டீஸ் அடித்தோம். ஆனால் எங்கள் எல்லோர் வீட்டு அடுப்பையும் எரியவைத்தது கல்வெட்டுத்தான்.

கல்வெட்டு என்றதும் மன்னர்களை நினைக்க வேண்டாம். யாழ்ப்பாணத்தில் ஒருவர் செத்தால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வந்து சாப்பிடுகிறவர்கள் கையில் ஒரு சின்னப் புத்தகம் கொடுப்பார்கள். அதுதான் கல்வெட்டு. செத்தவரின் படம், வாழ்க்கை வரலாறு, செத்த திதிக்கு ஒரு வெண்பா, தேவாரம், வம்சாவளி, கடைசியில் நன்றி நவிலல். நடுவில் புலம்பல். மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல் என்று ஆளுக்கு இத்தனை பாட்டாக ஊர்ப் புலவர் ஒருவர் எழுதிக் கொடுப்பார். மாமனாரோடு பதினொரு வருடம் வாய் திறந்து கதையாத மருமகள் ஒருத்தி நாலு பாட்டில் விழுந்து புரண்டு அழுததை நானே பக்கம் கட்டினேன்.

இதற்குள் என் கொப்பியை நுழைக்கப் பார்த்ததுதான் நான் செய்த முட்டாள்தனம். கண் முதலில் எதைப் பார்க்க வேண்டும், அடுத்ததாக எதைப் பார்க்க வேண்டும் என்று ஒழுங்கு செய்வதற்குப் பெயர் படிநிலை. வந்தவர்களுக்கு அது நன்றாகவே தெரிந்திருந்தது. பிள்ளையார் பெரிதாக வரவேண்டும். செத்தவர் பெரிதாக வரவேண்டும். கனடாவிலிருந்து செலவுக்கு அனுப்பிய மூத்த மகனும் பெரிதாக வரவேண்டும். எல்லாம் பெரிதென்றால் எதுவும் பெரிதாகத் தெரியாது என்று விளக்கினால், "அப்ப எல்லாத்தையும் இன்னும் கொஞ்சம் பெரிசாப் போடுங்கோ" என்பார்கள்.

வெற்றிடம் என்ற சொல்லுக்காக நான் பட்ட பாடு தனி. பக்கத்தில் பாதியைச் சும்மா விட்டால், விட்ட இடம் மிச்சத்தைத் தூக்கிக் காட்டும். எனக்கு அதைவிடப் பிடித்த வேறு எதுவும் அந்தக் கொப்பியில் இல்லை. ஒருவர் புறூவை, பிழை பார்க்கக் கொடுக்கிற முதல் தாளை, கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"இதிலை பாதி வெறுமையாக் கிடக்கு. ஒரு தேவாரம் போடலாமே?"

"கண்ணுக்குக் கொஞ்சம் ஓய்வு வேணும் ஐயா."

"ஓய்வு வேணுமெண்டால் புத்தகத்தை மூடி வைக்கட்டும்."

 வெறுந்தரையைக் கண்டால் மிளகாய்க் கன்று நடுகிற ஊர். வெறுந்தாளைக் கண்டால் குத்துவிளக்குப் படம் போடும். விளக்குக்கு இடம் போதாவிட்டால் அன்னம், அன்னத்துக்கும் போதாவிட்டால் மாவிலை. ஏழெட்டு வருடம் நான் விட்ட வெற்றிடம் எல்லாம் மாவிலையாகிப் போயிற்று. தோரணம் கட்டியிருந்தால் பருத்தித்துறை வரைக்கும் போயிருக்கும்.

பிறகு பொருளாதாரத் தடை வந்து, மிச்சமிருந்த சொற்களையும் பிடுங்கிக்கொண்டு போனது. மின்சாரம் இல்லை, காலால் மிதிக்கிற பழைய இயந்திரத்துக்குத் திரும்பினோம். மையை நீட்டி நீட்டிப் பாவித்ததில் கறுப்பு சாம்பலாகிவிட்டது, மாறுபாடு என்ற சொல்லைப் பென்சிலால் வெட்டிவிட்டேன். வெள்ளைத் தாள் கிடைக்காமல், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சடிக்கத் தொடங்கினோம். நான் கட்டும் ஒவ்வொரு பக்கத்திலும் நீலக் கோடுகள் எனக்கு முன்பே வந்து குந்தியிருந்தன. அந்தக் கோடுகளை நான் திட்டாத திட்டு இல்லை.

அப்படியொரு காலத்தில்தான் புத்தூரிலிருந்து ஒரு தம்பியார் வந்தார். செத்தவருக்குத் தம்பி, அதனால் தம்பியார். அவரே சொன்னபடி, அவர் ஒரு சமாதான நீதவான், கோயில் சபைத் தலைவர், இன்னும் இரண்டு மூன்று. தமையன் வெங்காயமும் புகையிலையும் செய்து பிள்ளைகளை வளர்த்தவர், நெஞ்சு நோவில் போய்விட்டார். எழுதவேண்டிய எல்லாவற்றையும் தம்பியார் தானே ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். வாழ்க்கை வரலாற்றில் தமையன் மூன்று பக்கம் இருந்தார். அந்தத் தமையனுக்கு வாய்த்த தம்பி இரண்டரைப் பக்கம் இருந்தார்.

ஆனால் வம்சாவளியைப் பார்த்ததும் எனக்குத் தம்பியாரைப் பிடித்துப்போய்விட்டது. மேலே தகப்பனும் தாயும். கீழே மூன்று பிள்ளைகள், தத்தம் குடும்பத்தோடு. நடுவில் ஒரு கோடு, இரண்டு பக்கமும் ஒரே நீளத்தில் ஒவ்வொரு கோடு. என் கொப்பியில் இருந்த சமநிலை தானாகச் சைக்கிளில் ஏறிப் புத்தூரிலிருந்து வந்திருந்தது. இவ்வளவு ஒழுங்கான குடும்பத்தை நான் பார்த்ததில்லை. அன்றைக்கே பென்சிலால் கீறிவிட்டேன்.

செத்தவரின் முகத்தை அச்சேற்ற ப்ளொக் செய்வதற்கு நல்ல படம் இல்லை. "வீட்டை போய் மச்சாளிட்டை வாங்கும் பிள்ளை, செத்த வீட்டுத் துடக்கு முடியுமட்டும் அவ வெளிக்கிட மாட்டா" என்றார் தம்பியார். அடுத்த நாள் காலையில் புத்தூருக்குச் சைக்கிள் மிதித்தேன். செத்தவரின் மனைவி அறைக்குள் பாயில் இருந்தார். படத்தை எடுத்துத் தந்தார். பிறகு, கையில் என்ன என்று கேட்டார். வம்சாவளி என்று நீட்டினேன், பாராட்டுவார் என்ற நினைப்பு வேறு. அவர் கோடுகளில் விரலை வைத்து எண்ணினார்.

"நான் நாலு பெத்தனான் பிள்ளை."

 பிறகு அவரே சொன்னார். இரண்டாவது, மகள். பெண்பிள்ளைகளில் மூத்தவள். ஏழு வருடத்துக்கு முன் குருநகரில் கடற்றொழில் செய்கிற ஒருவரை விரும்பி, அவர்களுடைய கோயிலில் கல்யாணம் முடித்துக்கொண்டாள். வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், அதோடு கடல் தொழில். தம்பியாரின் கணக்கில் இரண்டு குற்றம். அன்றைக்கே அவளுக்குத் தலை முழுகிவிட்டார்கள். செத்த வீட்டுக்கு அவள் வந்தபோதும் தம்பியார் வாசல் படலையைத் திறக்கவில்லை.

"வெளியிலை நிண்டுதான் தேப்பனைப் பாத்தவள். பாடை போகேக்கை எட்டிப் பாத்தவள்."

"அவளை விலக்கேக்கை அவர் என்ன சொன்னவர்? உங்கடை மனிசன்?"

"கூப்பிடெண்டும் சொல்லேல்லை, வேண்டாமெண்டும் சொல்லேல்லை. அந்த மனிசன்ரை வாய் அப்பிடித்தான்."

என் கொப்பியின் முதல் பக்கத்தில், எல்லாச் சொல்லுக்கும் மேலே, ஒரு வரி இருந்தது: யாருக்காகச் செய்கிறாயோ அவரிடம், உனக்கு என்ன வேண்டும் என்று முதலில் கேள். இத்தனை வருடமாக நான் அதைப் புரட்டிவிட்டுத்தான் மற்றப் பக்கங்களுக்குப் போயிருக்கிறேன். வந்தவர்களிடம் சண்டை பிடித்தேனே தவிர, ஒரு நாளும் கேட்டதில்லை. அன்றைக்குத்தான் கேட்டேன்.

"உங்களுக்கு என்ன வேணும் அம்மா?"

"பேரைப் போட்டால் அவரின்ரை தம்பி எல்லாத்தையும் கொழுத்திப்போடுவார். போடாட்டில் நான் மூண்டுதான் பெத்தனானெண்டு அச்சடிச்சுக் குடுத்த மாதிரி. அதை நான் என்ரை கையாலை சனத்துக்குக் குடுக்கோணும்."

அவர் அழவில்லை. அழுதிருந்தால் நானும் ஏதாவது ஆறுதல் சொல்லிவிட்டு வந்திருப்பேன். என்ன செய்வதென்று தெரியாமல், எனக்குத் தெரிந்த ஒரே ஒரு விசயத்தைச் சொன்னேன்.

"நாலு கோடு கீறலாம். ரெண்டாவது கோட்டுக்குக் கீழை வெறுமையா விடலாம்."

"விட்டால்?"

"பிள்ளை ஒண்டு இருக்கெண்டு கோடு சொல்லும். பேர் இராது."

"நாலெண்டு விளங்குமே?"

"எண்ணத் தெரிஞ்சவைக்கு விளங்கும்."

"புத்தூரிலை எண்ணத் தெரியாத ஆக்கள் இல்லை" என்றார் அவர். அதற்குப் பிறகுதான் எனக்குத் தேத்தண்ணி வந்தது.

எங்கள் கொம்பொசிற்றர் அண்ணை, எழுத்துக் கோக்கிறவர், விசயத்தைக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். ஈய எழுத்தில் வேலை செய்கிறவர்களுக்கு வெறுமை என்பது சும்மா கிடைக்காது. எழுத்து இல்லாத இடத்திலும் எழுத்தின் அளவுக்கு ஈயக்கட்டை வைத்து இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் பக்கமே குலைந்து கொட்டுண்டுவிடும். "அளவு வேணும், பேரைச் சொல்லு" என்றார். சொன்னேன். பெயரை முழுதாகக் கோத்து, அகலத்தை அளந்தார். பிறகு எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டு, அதே அகலத்துக்கு வெறுங்கட்டைகளை வைத்தார். "ஒண்டுமில்லாததுக்கு ரெண்டு தரம் வேலை" என்று முணுமுணுத்தார். முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பியார் கேட்டால் நான் ஊரிலை இல்லை" என்றார்.

தம்பியார் புறூவ் பார்க்க வந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதலில் தன் பெயரைத் தேடினார். சமாதான நீதவான் என்பது சின்ன எழுத்தில் இருக்கிறது என்று பெரிதாக்கச் சொன்னார். சகோதரர் புலம்பலை இரண்டு தடவை வாசித்து, காசு கொடுத்து எழுதுவித்த அந்தப் பாட்டுக்கு உண்மையாகவே கண் கலங்கினார். வம்சாவளிப் பக்கத்தில், தமையனுக்குப் பக்கத்தில் தனக்கென்று போடுவித்த கோடு மெல்லியது என்றார்.  விரல் கீழே இறங்கியது.

"உதென்ன, ஒரு கோடு சும்மா தொங்குது?"

"அது டிசைன் ஐயா. சமநிலைக்கு."

பச்சைப் பொய். என் அழகான சமநிலையைக் கெடுத்ததே அந்தக் கோடுதான்.

"உங்கடை கொழும்பு விசர். வெறுமையா விட்டால் சனம் ஏதோ விடுபட்டுப் போச்செண்டு நினைக்கும். உதுக்கை ஒரு விளக்குப் படத்தைப் போடுமன்."

"விளக்கு அட்டையிலை போட்டாச்சு. எங்களிட்டை ஒரு விளக்குத்தான் இருக்கு."

"அப்ப அன்னம்?"

"அன்னத்துக்குக் கழுத்து முறிஞ்சு போச்சு ஐயா."

மாவிலையைப் பற்றி அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் மாட்டுப்பட்டிருப்பேன், மாவிலை ஒரு பெட்டி நிறையக் கிடந்தது. ஆனால் அவருக்கு நன்றி நவிலலில் தன் பட்டங்கள் எந்த ஒழுங்கில் வந்திருக்கின்றன என்று பார்க்கிற அவசரம். பார்த்தார், திருப்திப்பட்டார், புறூவின் அடியில் கையெழுத்து வைத்தார். தன் பெயரைத் தவிர வேறெதையும் புறூவில் பார்க்காத எங்கள் சனத்தை அதுவரை பழித்துக்கொண்டிருந்தவள், அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கும்பிட்டேன்.

அந்தியேட்டி முடிந்து மூன்றாம் நாள் தம்பியார் திரும்பி வந்தார். முதலாளி சொன்ன சொல் தவறாமல் ஊரில் இல்லாமல் போய்விட்டார். தம்பியார் நாலைந்து கல்வெட்டுகளை என் மேசையில் விசிறினார். எல்லாம் வம்சாவளிப் பக்கத்தில் மடித்திருந்தன. எல்லாவற்றிலும் இரண்டாவது கோட்டுக்குக் கீழே அவளுடைய பெயர் இருந்தது. ஒன்றில் நீலப் பேனை, ஒன்றில் பென்சில். ஒன்றில் சிவப்பு மை. அது ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவருடைய வேலையாக இருக்க வேண்டும், விடுபட்ட இடத்தில் அடையாளம் போட்டு, பெயரை எழுதி, கீழே கோடும் கீறியிருந்தார்.

"ஆர் ஐயா எழுதினது?"

"ஆரோ? எல்லாரும்தான். சாப்பிட்டுக் கைகழுவ முதல் எழுதத் துவங்கிட்டினம். ஒருத்தன் எழுத, பக்கத்திலை இருந்தவன் பேனையை வாங்குறான். 'உதிலை ஒரு பேர் விடுபட்டுப் போச்சு' எண்டு என்னட்டையே கொண்டுவந்து காட்டுகினம்."

நான் முகத்தை எப்படி வைத்திருந்தேனோ தெரியாது. பத்து வருடம் நான் திட்டித் தீர்த்த சனம். ஒரு விரல் அகல வெறுமையைக்கூடத் தாங்கமாட்டாத சனம். தம்பியார் அடைத்த படலையை அவர்கள் பந்தியில் இருந்துகொண்டே திறந்துவிட்டார்கள். அவளில் உள்ள அன்பில்தான் எழுதினார்கள் என்று நான் சொல்லமாட்டேன். பிழை திருத்தாவிட்டால் அவர்களுக்குச் சோறு செமிக்காது, அவ்வளவுதான்.

மிச்சக் கல்வெட்டுகளைத் தரச் சொன்னார். எங்களிடம் வைத்திருக்கிற ஒரு பிரதியைத் தவிர வேறு இல்லை என்றேன். திருப்பி அடிக்கச் சொன்னார். தாள் இல்லை என்றேன், அது உண்மை. பிறகு அவருடைய கையெழுத்தோடு இருந்த புறூவை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு வந்த சந்தோசம் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு கிழமையாகத் தரையில் கால் படாமல் திரிந்தேன். கொம்பொசிற்றர் அண்ணையிடம் கதையைப் பத்துத் தடவையாவது திருப்பித் திருப்பிச் சொன்னேன், கூட இருந்து செய்த மனிதனிடமே. வெற்றிடத்தின் சக்தி என்றேன். ஒரு விரல் அகல ஈயத்தால் ஒரு குடும்பத்தைத் திருத்திவிட்டேன் என்ற நினைப்பு எனக்கு.

அந்தக் கிழமை முடியும்போது அவள் வந்தாள். என்னைவிட நாலைந்து வயது இளையவள், இடுப்பில் ஒரு பெண் குழந்தை. தகப்பனின் மூக்கு, படத்தில் பார்த்த அதே மூக்கு. அவள் சொல்லத் தேவையில்லாமல் ஆளைத் தெரிந்துவிட்டது.

"அக்கா, அப்பாவின்ரை கல்வெட்டு ஒண்டு எடுக்கலாமோ?"

"அம்மா ஒண்டும் தரேல்லையோ?"

"ஆள் மூலமா அனுப்பினவ. அதிலை தன்ரை கையாலை என்ரை பேரை எழுதிப்போட்டா. எனக்கு எழுதாதது ஒண்டு வேணும்."

இருந்த ஒரே பிரதியை எடுத்துக் கொடுத்தேன். அவள் படத்தைப் பார்க்கவில்லை, வரலாற்றைப் பார்க்கவில்லை. வம்சாவளியை விரித்து மேசையில் வைத்தாள். இரண்டாவது கோட்டில் விரலை வைத்தாள், தாய் வைத்த மாதிரியே. நான் பக்கத்தில் நின்றேன். நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன் என்பதை மறைக்க மாட்டேன். என்ன பதில் சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

"மற்ற மூண்டு பேருக்கும் பக்கத்திலை அவையின்ரை மனிசிமார், மனிசன்மாரின்ரை பேர் கிடக்கு" என்றாள்.

"ஓம்."

"கீழை பிள்ளையளின்ரை பேரும் கிடக்கு."

"ஓம்."

"எனக்கு என்ரை பேருக்கு மட்டும்தான் இடம் இருக்கு. இவருக்கு இடம் விடேல்லையோ அக்கா?"

இவர் என்று சொல்லும்போது அவள் வாசல் பக்கம் திரும்பினாள். அப்போதுதான் நானும் பார்த்தேன். தெருவில், வெயிலில், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நின்றார். அவள் உள்ளே வந்த நேரத்திலிருந்து அங்கேதான் நின்றிருக்கிறார். செத்த வீட்டிலும் அவர் அப்படித்தான் அவளுக்குப் பக்கத்தில், படலைக்கு வெளியே நின்றிருப்பார். உள்ளே வாருங்கோ என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்படியொரு ஆள் நிற்கிறார் என்பதே என் கண்ணில் படவில்லை.

கொம்பொசிற்றர் அண்ணை அவள் பெயரைக் கோத்து அளந்தபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். இன்னொரு பெயரும் அளக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தம்பியார் வேண்டுமென்று விட்டார். நான் நினையாமலே விட்டேன். எதில் குற்றம் கூட என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. வெட்கமாக இருந்தது. 

"மன்னிச்சுக்கொள்ளும் பிள்ளை" என்று மட்டும் சொன்னேன். பிறகு வாசலுக்குப் போய் அவரை உள்ளே கூப்பிட்டேன். "இல்லை அக்கா, பரவாயில்லை, சைக்கிளுக்குப் பூட்டில்லை" என்றார். சைக்கிளையும் உள்ளே கொண்டுவாருங்கோ என்றேன். கொண்டுவந்து கதவடியிலேயே நின்றார்.

அவள் என் மேசையில் இருந்த பேனையை எடுத்தாள். வெறுமையாக விட்ட இடத்தில் தன் பெயரை எழுதினாள். பக்கத்தில் அவருடைய பெயர். கீழே சின்னதாக ஒரு கோடு இழுத்து, அதற்குக் கீழே குழந்தையின் பெயர். நான் அவ்வளவு காலமும் திட்டிய அந்த நீலக் கோடுகளின் மேலே எழுத்துகள் நேராக உட்கார்ந்தன.

"இடம் காணாதெண்டு நினைச்சன்" என்றாள், பேனையை மூடிக்கொண்டு. "கோடு போட்ட தாள்தானே அக்கா, எழுதலாம்."